மருந்து ஏறுறதுக்கு முன்னாடி

இந்த நாற்காலி காலியாங்க? உட்கார்ந்துக்கறேன். ரெண்டு நிமிஷம்தான், எந்திரிச்சிடுவேன். காலையிலிருந்து இப்படித்தான். உட்கார்ந்தா எந்திரிக்கணும்னு இருக்கு, எந்திரிச்சா உட்காரணும்னு இருக்கு. இருப்புக் கொள்ளலைங்க. மொட்டைத் தலையைப் பார்த்து மிரண்டுடாதீங்க, காலையிலதான் அடிச்சாங்க. எப்படியும் கொட்டப்போற முடி, முன்னாடியே எடுத்துட்டா சுத்தம்னு சொல்லிட்டாங்க. சாமிக்கு வேண்டிக்காம மொட்டை போட்டது இதான் முதல் தடவை.

நீங்க துணைக்கு வந்தவர்தானே? வீட்ல அம்மாவுக்கா? ஆமா, பார்த்தாலே தெரியுது. படுக்கப்போறவன் முழி வேற, பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவன் முழி வேற. மாஸ்க் போட்டு மறைச்சாலும் எனக்குத் தெரிஞ்சிடும். முப்பது வருஷமா மனுஷ முகத்தைப் பார்த்துத்தானே பொழப்பு ஓடுது. கல்யாணத் தரகருங்க நான். துறையூர்ல வந்து அரங்கராசு வீடு எதுன்னு கேட்டா சின்னப் புள்ளைகூடக் கை காட்டும். உங்களுக்குக் கல்யாண வயசுல ஒரு பொண்ணு இருக்கு. சரியா? பார்த்தீங்களா! எப்படிக் கண்டுபிடிச்சேன்னு மட்டும் கேக்காதீங்க. என்ன நட்சத்திரம்? சரி சரி, வேண்டாம். இது அதுக்கு இடமில்ல. வாய் சும்மா இருக்க மாட்டேங்குது.

நாலு மணிக்கு என்னை அந்தக் கதவுக்குள்ள கூட்டிட்டுப் போயிடுவாங்க. உள்ள போனா முப்பது நாளோ நாப்பது நாளோ, வெளிய வர முடியாது. சம்சாரம்கூடக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்க்க வேண்டியதுதான். இன்னைக்கு சாயங்காலமே முதல் மருந்து. சாதா மருந்தில்லீங்க அது. எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜையை நல்லது கெட்டது பார்க்காம மொத்தமா அழிச்சிடும். வயலை ஒட்ட உழுது போடற மாதிரி. அப்புறம் என் தங்கச்சி ரத்தத்திலிருந்து அணுவைப் பிரிச்செடுத்து எனக்குள்ள விடுவாங்க. அது வேர் பிடிச்சா நான் பொழைச்சேன்.

டாக்டர் எங்க ரெண்டு பேரையும் உட்கார வச்சுப் பளிச்சுனு சொல்லிட்டாரு. "கொடுக்கிறவங்க எந்த நிமிஷமும் வேண்டாம்னு சொல்லலாம்மா, யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனா இவருக்கு மருந்து ஏறின பிறகு நீங்க மாட்டேன்னா, இவரைக் காப்பாத்த எங்க கையில வேற ஒண்ணும் இல்ல. சொல்றதா இருந்தா அதுக்கு முன்னாடி சொல்லிடுங்க." தங்கச்சி சரின்னு தலையாட்டினா. நான்தான் அவ முகத்தைப் பார்க்காம சுவத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

ஏன்னா நான் அவகிட்ட சொல்ல வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. இருபது வருஷமா இருக்கு. சொன்னா அவ எந்திரிச்சுப் போனாலும் போயிடுவா. நாலு மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு? ஒரு மணி நேரமா? இருங்க, அந்த ஜன்னல் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்.

ம். எங்க விட்டேன்? முதல்லருந்தே சொல்லிடறேன்.

போன ஆடி மாசம் பல் விளக்கினா ரத்தம். பிரஷ் ஈறுல இடிச்சிருக்கும்னு விட்டுட்டேன். ஆவணியில ஒரு முகூர்த்தம், மண்டபத்துப் படி பதினஞ்சு படி ஏறினேன், மேல மூச்சு வாங்கி உட்கார்ந்தவன் எந்திரிக்கல. மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த கார்லயே என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. இடுப்பெலும்புல ஊசியை விட்டுப் பார்த்துட்டு, ரத்தம் ஊற வேண்டிய இடத்துல ஊறலைன்னாங்க. ஊசி, ரத்தம் ஏத்துறது, திரும்ப ஊசி. கடைசியில மாத்து மஜ்ஜை வைக்கிறதைத் தவிர வழியில்லைன்னுட்டாங்க. அதுக்குப் பொருத்தம் பார்க்கணும்னாங்க பாருங்க, எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பொருத்தம் பார்க்கிறவனுக்கே பொருத்தம் பார்க்கிறாங்களேன்னு.

கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரு எனக்கு. தம்பி இளவழகனுக்குப் பார்த்தா பாதிதான் சேருது. தங்கச்சி தனக்கொடிக்குப் பார்த்தா பத்துக்குப் பத்து! கூடப் பொறந்ததுல நாலு பேருக்கு ஒருத்தருக்குத்தான் இப்படி அமையுமாம். என் தொழில்ல நான் பத்துக்குப் பத்தைக் கண்ணால பார்த்ததே இல்லைங்க. ஆறு இருந்தா எட்டுன்னு சொல்லுவோம், எட்டு இருந்தா பத்துன்னு சொல்லுவோம். இங்க மிஷினே பத்துன்னு சொல்லுது.

ஆனா தங்கச்சி என்கூடப் பேசி நாலு வருஷம். ஒரு சின்ன விஷயங்க. என் பொண்ணுக்கு வளைகாப்பு. தனம் செந்துறையிலிருந்து வந்திருந்தா, அத்தைக்காரியாச்சே. மனைக்கு முன்னால வளையலை எடுத்துக்கிட்டு நின்னா. என் சம்சாரம் பூங்கோதை சட்டுனு வந்து, "நீங்க அப்புறம் போடலாம், பிள்ளை பெத்தவங்க அஞ்சு பேரு முதல்ல போடட்டும்"னு தட்டோட வாங்கிட்டா. அவ சொன்னதுல தப்பு இருக்கா? வழக்கம் அதுதானே. சபையில நான் என்னத்தைச் சொல்ல முடியும்? தனம் அப்படியே செருப்பை மாட்டிக்கிட்டுப் போனவதான். அன்னையிலிருந்து என் வீட்ல கை நனைக்கிறதில்ல. வருஷா வருஷம் பொங்கலுக்குச் சீர் கொண்டுபோய் வாசல்ல வைக்கிறேன், "வாங்க"ன்னு ஒரு வார்த்தை, அதோட உள்ள போயிடுவா. கூடப் பொறந்தவன்கிட்ட இவ்வளவு ரோஷம் ஆகுமாங்க?

அதனால அவகிட்ட நேர்ல போய்க் கேக்க எனக்கு வாய் வரல. பெரியப்பா மகனை அனுப்பினேன். என் தொழில்ல யாரும் நேரா கேக்க மாட்டோம், நடுவுல ஒரு ஆளை விட்டுத்தான் கேப்போம். மறுநாள் காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டா. ஒரு கட்டைப்பை, ரெண்டு சீலை. "எங்க கையெழுத்துப் போடணும்?" அவ்வளவுதான் கேட்டா. கையை நீட்டினா, ரத்தம் எடுத்தாங்க. ரெண்டு மாசமா எத்தனை தடவை வந்து போயிட்டா! என்னை நெஞ்சுப் படத்துக்கு அனுப்பினாங்க, குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னாங்க, பல் டாக்டர் சொத்தைன்னு மூணு பல்லைப் பிடுங்கிட்டாரு, கழுத்துக்குக் கீழ இந்தக் குழாயை வச்சுத் தச்சாங்க. எல்லாத்துக்கும் வந்தா. ஆனா ரெண்டு நாற்காலி தள்ளித்தான் உட்காருவா. முகம் கொடுத்து ஒரு பேச்சு இல்ல.

போன வாரம் டாக்டர் அவகிட்டக் கேள்வி கேட்டாரு. நானும் அந்த ரூம்லதான் இருந்தேன்.

"எத்தனை பிரசவம்மா?"

"ஒண்ணும் இல்லைங்க."

"கலைஞ்சது ஏதாவது?"

"தங்கினதே இல்லைங்க. எனக்குத்தான் குறை." மடியைப் பார்த்துக்கிட்டே சொன்னா. நான் என் மாஸ்க்கை இழுத்துச் சரி பண்ணிக்கிட்டேன்.

டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? "அப்படிச் சொல்லாதீங்க. ஒரு வகையில உங்க அண்ணனுக்கு நல்லதுதான்." பிள்ளை சுமந்த பொம்பளை ரத்தத்துல, வயித்துப் பிள்ளையை எதிர்த்துப் பழகின அணுக்கள் இருக்குமாம். அது ஆம்பளை உடம்புக்குள்ள போனா சண்டை பிடிக்குமாம். தோல், வயிறு, ஈரல் எல்லாத்தையும் போட்டு வாட்டுமாம். சுமக்காதவங்கன்னா அந்தத் தொல்லை குறைவாம். எனக்கு யோகம்னு நினைச்சேன். ஆமாங்க, உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும், அந்த நிமிஷம் யோகம்னுதான் நினைச்சேன்.

மணி என்ன? மூணே காலா? அந்த சிஸ்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாங்களே, என்னையா பார்த்தாங்க? இல்லையா? சரி.

விஷயத்தைச் சொல்லிடறேன். தனத்துக்கு மூல நட்சத்திரம். அதோட செவ்வாய் வேற. வந்த வரனெல்லாம் ஜாதகத்தைப் பார்த்ததும் காபியைக்கூடக் குடிக்காம போயிடும். இருபத்தேழு வயசாச்சு. ஊருக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வைக்கிறான், வீட்ல தங்கச்சி உட்கார்ந்திருக்காளேன்னு என் காதுபடவே பேசுவாங்க. தரகனுக்கு அதைவிட அசிங்கம் உண்டா? ஒரு வீட்டுக்குள்ள தைரியமா நுழைய முடியாதுங்க.

அப்பத்தான் செந்துறையில நல்லுசாமின்னு ஒரு பையன் ஜாதகம் வந்துச்சு. நல்ல பையன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. அவங்கப்பா என்னை மட்டும் நெல்லு மில்லுக்குப் பின்னால கூட்டிட்டுப் போனாரு. "தரகரே, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. பையனுக்குப் பதினெட்டு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்து கீழ விதையில இறங்கிடுச்சு. பிள்ளை பொறக்காதுன்னு தஞ்சாவூர்ல டாக்டர் சொல்லிட்டாரு. பையனுக்கே தெரியாது. இதுக்கு ஒத்து வர்ற இடமா பாருங்க." அழுதாருங்க அந்த மனுஷன்.

எங்க தொழில்ல ஒரு முறை இருக்கு. தோஷமுள்ள ஜாதகத்துக்குத் தோஷமுள்ள ஜாதகத்தைத்தான் சேர்க்கணும். ரெண்டும் சரிக்குச் சரி நின்னுக்கும். எனக்கு உடனே வீட்ல இருக்கிற ஜாதகம் ஞாபகம் வந்துச்சு. எங்க மூலத்தை அவங்க கேக்க மாட்டாங்க, அவங்க குறையை நாங்க கேக்க மாட்டோம். பேசி முடிச்சுட்டேன். அப்பாகிட்டயும் சொல்லல, அவகிட்டயும் சொல்லல. தாலி ஏறட்டும், ஒரு மாசம் போகட்டும், அப்புறம் பக்குவமா எடுத்துச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். தாலி ஏறிச்சு. அப்புறம் என்னத்தைச் சொல்றது? சொன்னா மட்டும் என்ன மாறிடப் போகுது?

ஒரு டாக்டர் சொன்னதுதானே, தப்பாக்கூட இருக்கலாம்னு அஞ்சாறு வருஷம் நானே எதிர்பார்த்துக்கிட்டிருந்தேன். தனம் பார்க்காத வைத்தியம் இல்ல. திருச்சியில ஒரு லேடி டாக்டர், உங்ககிட்ட குறை தெரியல, வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கன்னாங்களாம். மாமனார் விடல, குறை மருமககிட்டதான்னு முடிச்சுட்டாரு. அப்புறம் கோயில் கோயிலா ஏறினா. கோயில் தரையில சோத்தைக் கொட்டி, கையைப் பின்னால கட்டிக்கிட்டு, வாயால எடுத்து மண்சோறு சாப்பிட்டா. எனக்கு எப்படித் தெரியும்னா, வேன் ஏற்பாடு பண்ணதே நான்தான். பக்கத்துல நின்னு தண்ணி டம்ளரை நீட்டினேன். ஒரு அண்ணன் வேற என்னங்க செய்ய முடியும்?

மாமனார் போய்ச் சேர்ந்தாரு. அதுக்கும் இவ மூலத்தைத்தான் சொன்னாங்க. இப்ப இந்த விஷயம் தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான். உள்ள போய் எனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா என்னோட போயிடும். போகட்டுமேன்னு ஒரு நேரம் தோணும். அடுத்த நிமிஷம் எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சுடுவேன். இந்த நோய்லகூட இப்படி இருந்ததில்லைங்க.

அதுவும் நேத்து மத்தியானத்துலருந்து. நேத்து என்ன நடந்துச்சுன்னா, இதே மாடிதான், அந்தக் கடைசி பெஞ்சு. தனம் வந்து என் பக்கத்துல உட்கார்ந்தா. ரெண்டு நாற்காலி தள்ளி இல்ல, பக்கத்துல! நல்லாக் காய்ச்சின கஞ்சியை டம்ளர்ல ஊத்தி ஆத்திக் கொடுத்துட்டு, "அண்ணே"ன்னா. நாலு வருஷம் கழிச்சு அண்ணேங்கிறா.

"அண்ணே, பிள்ளை பெத்திருந்தா என் ரத்தம் உனக்கு ஒத்துக்காம போயிருக்கும்ல?"

"அப்படித்தான் டாக்டர் சொல்றாரு."

"எதுக்குத்தான் சாமி என்னை இப்படி வெறுங்கையா வச்சிருக்குன்னு தினம் கேப்பேன். விளக்கேத்துறப்பெல்லாம் கேப்பேன். இப்பத்தான் பதில் வந்திருக்கு. உன்னைப் பொழைக்க வைக்கத்தான் வச்சிருக்கு. இனிமே எனக்கு ஒரு வருத்தமும் இல்ல அண்ணே. வளைகாப்பைக்கூட மறந்துட்டேன். பூங்கோதை அண்ணிகிட்டயும் சொல்லிடு."

சொல்லிட்டுச் சிரிச்சா. எத்தனை வருஷமாச்சு அவ சிரிச்சுப் பார்த்து! நான் கஞ்சியைக் குடிச்சேன்.

இதுக்கப்புறம் நான் எப்படிச் சொல்லுவேன், நீங்களே சொல்லுங்க. அவளுக்கே ஒரு நிம்மதி கிடைச்சிருக்கு, அதை நான் கெடுக்கணுமா? கெடுத்துட்டு நானும் சாகணுமா? ராத்திரி முழுக்க யோசிச்சு ஒரு முடிவு பண்ணி வச்சிருக்கேன். இன்னைக்கு மருந்து ஏறட்டும். ஒரு ரெண்டு நாள் போகட்டும். உள்ள இருந்து போன் போட்டுப் பக்குவமா எடுத்துச் சொல்லிடறேன். அவ பெரிய மனசுக்காரி, புரிஞ்சுக்குவா. என்ன, சரிதானே?

என்ன சொன்னீங்க? சத்தமாச் சொல்லுங்க, மாஸ்க்ல கேக்கல. "அப்ப அவங்க நினைச்சாலும் போக முடியாதே"ன்னா?

அதுக்குத்தானேங்க...

இருங்க.

அதுக்குத்தானேன்னு என் வாயிலயே வந்துடுச்சு பார்த்தீங்களா. நல்ல மனுஷன்யா நீங்க. இவ்வளவு நேரம் மணியை மட்டும் சொல்லிட்டு, பேசின ஒரே வார்த்தையில ஆளைக் கவுத்துட்டீங்க. முதல்ல அவளைக் கட்டிப்போடணும், அப்புறம்தான் உண்மையைச் சொல்லணும். கல்யாணத்துலயும் அதைத்தான் செஞ்சேன். எனக்கு வேற மாதிரி ஒரு காரியம் பண்ணவே தெரியாது போலிருக்கு. சீ! என்ன பொழப்பு இது.

அதோ, அவதான். பச்சைச் சீலை. எனக்குத்தான் துணி எடுத்துட்டு வர்றா, வெந்நீர்ல போட்டு அலசிக் காய வச்ச துணிதான் உள்ள எடுத்துட்டுப் போகணுமாம். மூணரை மணிக்கே வந்துட்டா. நீங்க எந்திரிக்காதீங்க. உட்காருங்க, கையெடுத்துக் கும்பிடறேன். நீங்க இல்லேன்னா நான் பேச்சை மாத்திடுவேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும்.

வாம்மா. பையை அப்படி வை. உட்காரு. இவரு யாரோதான், இருக்கட்டும். சாப்பிட்டேன், சாப்பிட்டேன். காய்ச்சல் ஒண்ணும் இல்ல, தொட்டுப் பார்க்காத. தனம், நான் சொல்றதைக் குறுக்க பேசாம கேளு. எனக்கு இன்னும் மருந்து ஏறல. ஒரு சொட்டு ஏறல. நீ போகணும்னா இப்பப் போகலாம், நான் சாக மாட்டேன், ரத்தம் ஏத்தி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவாங்க. அதை முதல்ல மனசுல வாங்கிக்க. வாங்கிக்கிட்டியா?

குறை உன்கிட்ட இல்லம்மா. என்னைக்குமே இருந்ததில்ல. உன் வீட்டுக்காரருக்குப் பதினெட்டு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்து, பிள்ளை பொறக்காதுன்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டாங்க. அவருக்கு இது தெரியாது, அவர்மேல கோபப்படாத. உன் மாமனாருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். நிச்சயத்துக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் கட்டிக்கொடுத்தேன். என் வீட்ல ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்குன்னு ஊரு பேசினது எனக்குப் பொறுக்கல. நீ மண்சோறு சாப்பிட்ட அன்னைக்குத் தெரியும். வளைகாப்புல உன் கையிலிருந்து வளையலை வாங்கினாளே, அன்னைக்கும் தெரிஞ்சுக்கிட்டே நின்னேன். நேத்து நீ சிரிச்சப்பவும் தெரியும். சாமி ஒண்ணும் உன்னை எனக்காக வைக்கல தனம். நான்தான் வச்சேன்.

திட்டு. இத்தனை பேரு இருக்காங்களேன்னு பார்க்காத, செருப்பைக் கழட்டி அடி. இப்படிப் பார்க்காத.

தனம்.

கூப்பிடாதீங்க. விடுங்க, பின்னால ஓடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். போகட்டும். லிஃப்டுக்குக்கூட நிக்காம படியில இறங்குறா. துணிப்பையை இங்கேயே வச்சுட்டுப் போறா. இல்லைங்க, நான் அழல, கண்ணுல தண்ணி அதுவா வருது. ஆனா உட்கார்ந்திருக்கேன், பார்த்தீங்களா? காலையிலிருந்து முதல் தடவையா உட்கார்ந்திருக்கேன்.

சிஸ்டர், நான்தான் அரங்கராசு. வர்றேன், நானே நடந்து வர்றேன், வண்டி வேண்டாம். பையை எடுத்துக்கறேன். ஒரே ஒரு விஷயம் சிஸ்டர், டாக்டர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? அந்த மருந்தை இன்னைக்கு ஏத்தாதீங்க. இல்ல, பயமெல்லாம் இல்ல. தங்கச்சி கையெழுத்துப் போட்டாங்கதான், ஆனா அது வேற கணக்கு. அவங்களே வந்து ஏத்துங்கன்னு வாயால சொல்லட்டும், அப்புறம் ஏத்துங்க.

வரலைன்னாவா?

வரலைன்னா ஏத்த வேண்டாம்.